எத்திரோவின் மாப்பிள்ளை

தங்கமுத்துவின் இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து தொங்கும். கோயில் முன்கதவு, பின்கதவு, ஆபீஸ் ரூம், மைக்செட் பெட்டி, மோட்டார் ரூம், கல்லறைத் தோட்டத்து கேட் என்று எல்லாவற்றுக்கும் சாவி அதில்தான். திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகிற ரோட்டில், போர்வெல் போடுகிற ரிக் லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்தைத் தாண்டினால் வேப்பமரத்தடியில் அந்தச் சின்னக் கோயில் வரும். நாற்பது குடும்பம் உள்ள சபை. ஆயருக்கு இதைப் போல இன்னும் நாலு சபைகள் இருந்ததால் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் இங்கே வருவார். மற்ற நாளெல்லாம் சபைச் செயலர் தங்கமுத்து வைத்ததுதான் சட்டம். மணி அடிப்பது அவர், சேர் போடுவது அவர், தண்ணீர்த் தொட்டியை நிரப்புவதும் அவர். குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை வெட்ட ஆள் அனுப்புவார். வந்த ஓலை சரியில்லை என்று தானே போய் வெட்டிக்கொண்டும் வருவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வாரத்தில் ஆறு நாளும் அவர் ரிக் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் ஃபோர்மேன். அங்கே பத்துப் பேருக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, நிம்மதியாக டீ குடிக்கப் போவார். எவன் வெல்டிங்கில் கெட்டிக்காரன், எவனை பெயின்ட் பக்கமே விடக்கூடாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தப் புத்தியையும் கூடவே கழற்றி வைத்துவிடுவார் போலிருக்கிறது. கோழித்தீவனக் கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் பூபதி, "அண்ணா, மைக்செட்ட நான் பாத்துக்கறனுங்க" என்று பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். "பாக்கலாம் பூபதி, பாக்கலாம்" என்பார் தங்கமுத்து. பூபதி ஊருக்கே ஒயரிங் செய்கிறவன். ஆனால் கோயிலில் அவன் ஒரு ஸ்விட்சைக் கூடத் தொட்டதில்லை.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை ஆயர் போன் செய்தார். வருகிற ஞாயிறு ஆண்கள் ஐக்கிய ஞாயிறு. தலைப்பு, தலைமையும் பகிர்ந்த பொறுப்பும். வேதபகுதி, யாத்திராகமம் பதினெட்டு.

"எனக்கு அன்னிக்கு வேற சபை இருக்கு. நீங்களே பிரசங்கம் பண்ணிருங்க தங்கமுத்து. உங்களை விட்டா யாரு இருக்காங்க?"

அந்தக் கடைசி வார்த்தையில் தங்கமுத்து குளிர்ந்துபோனார். அந்த அதிகாரம் அவருக்குத் தெரிந்ததுதான். மோசே பாலைவனத்தில் ஜனங்களின் வழக்குகளை ஒற்றை ஆளாக உட்கார்ந்து காலையிலிருந்து சாயங்காலம்வரை தீர்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய மாமனார் எத்திரோ வருகிறார். ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் நீயும் ஓய்ந்துவிடுவாய், ஜனங்களும் ஓய்ந்துவிடுவார்கள், நல்ல ஆட்களாகப் பார்த்துப் பொறுப்பைப் பிரித்துக் கொடு என்கிறார். மோசேயும் கேட்டுக்கொள்கிறார். அவ்வளவுதான் கதை. வழக்கு தீர்க்கிற இடம் பதிமூன்றாம் வசனத்தில் ஆரம்பிக்கிறது. எல்லாருமே அங்கிருந்துதான் பேசுவார்கள். சபையில் ஒருத்தரும் முன்வருவதில்லை, ஒருத்தனே மாரடிக்க வேண்டியிருக்கிறது என்று நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று தங்கமுத்து சந்தோஷமாகக் குறிப்பு எடுக்க உட்கார்ந்தார்.

வீட்டில் அவர் மட்டும்தான் இருந்தார். மகள் நித்யஸ்ரீ சேலத்தில் நர்சிங் காலேஜ் விடுதியில். மனைவி சாரதாமணி வாழப்பாடிக்குப் பக்கத்தில் அப்பா வீட்டில். யாராவது கேட்டால், "அப்பா ஊட்டுக்குப் போயிருக்காளுங்க. ஆபரேஷன் ஆன ஒடம்பு பாருங்க, நாலு நாள் இருந்துட்டு வரட்டும்" என்பார்.

நடந்தது இதுதான். மார்ச் கடைசியில் சாரதாமணிக்கு சேலத்தில் கர்ப்பப்பை ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நாள், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வெள்ளி. ஓலை வந்து சேரவில்லை, பந்தல் போடவில்லை. தங்கமுத்து மாமனாருக்கு போன் செய்தார். "மாமா, ரெண்டு நாளைக்கு அங்க கூட்டிட்டுப் போயிருங்க. ஞாயித்துக்கெழம முடிஞ்சதும் நானே வந்து கூட்டிக்கறேன்." மாமனார் வாடகைக் காரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கார் கதவைச் சாத்தும்போது சாரதாமணி, "ஏனுங்க, நெசமா வருவீங்களா?" என்று கேட்டாள். "வாரேன் சாமி, வாரேன்" என்றார்.

குருத்தோலை முடிந்தது. பிறகு பெரிய வெள்ளி வந்தது, ஈஸ்டர் வந்தது, மே மாதம் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதப் பள்ளி வந்தது. ஒன்றுகூடப் பொய்யில்லை, அதுதான் தொல்லை. "நீயே பஸ் ஏறி வந்துரு" என்று ஒருமுறை போனில் சொல்லிப் பார்த்தார். "நானா வந்தேன், நானா போறதுக்கு? அனுப்புனவங்க வந்து கூப்பிடட்டும்" என்று சாரதாமணி போனை வைத்துவிட்டாள். அந்தப் பக்கத்தில் அதுதான் முறை. பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியவன் வந்துதான் கூப்பிட வேண்டும். அவளாகக் கிளம்பினாலோ, அப்பன் கொண்டுபோய் விட்டாலோ, வேண்டாதவளைத் தள்ளிவிட்டதாக ஆகிவிடும். தங்கமுத்துவுக்கு இது தெரியாமலில்லை. காலையில் ஒற்றை டம்ளர் காபி போட்டுக் குடிக்கும்போது அவள் நினைப்பு வரத்தான் செய்தது. அடுத்த வாரம் போகலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்துக்கொள்வார்.

சனிக்கிழமை தங்கமுத்து பட்டறைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கோயில் வேலையில் இருந்தபோது, மத்தியானம் மாமனார் மாதையன் தோளில் துண்டோடு கோயில் வாசலில் வந்து நின்றார். மாதையன் ஒரு முனியப்பன் கோயில் பூசாரி. சாரதாமணியும் தங்கமுத்துவும் சங்ககிரி ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்தபோது விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். மாதையன் மூன்று வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேத்தி பிறந்ததும் வந்தார், நித்யஸ்ரீ என்று அவரே பெயரும் வைத்தார், அதோடு எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் இந்தக் கோயிலுக்குள் அவர் காலெடுத்து வைத்ததில்லை.

தங்கமுத்துவின் கண் மாமனாரைத் தாண்டி ரோட்டுக்குப் போனது. யாரும் இல்லை.

"சாரதா வரலீங்களா மாமா?"

"நான் எதுக்கு மாப்ள கூட்டிட்டு வரணும்?" என்றார் மாதையன். "வர முடியல, வேலை, வேலைன்னு சொல்றீங்களே, அது என்னதான் வேலைன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

சொன்னபடியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்தார். தங்கமுத்து சேர்களைத் துடைத்தார், பெஞ்சுகளை நகர்த்தினார், மோட்டார் போட்டார், தொட்டி நிரம்பி வழிந்ததும் ஓடிப்போய் நிறுத்தினார். பூபதி வந்து, "மைக்க நான் டெஸ்ட் பண்ணட்டுங்களா?" என்று கேட்டான். தங்கமுத்து தானே ஏறி டெஸ்ட் பண்ணினார். இரண்டு பெண்கள் பெருக்க வந்தார்கள். அவர்கள் பெருக்கிப் போன இடத்தை அவர் திரும்பப் பெருக்கினார். விளக்கு வைத்த பிறகு வீட்டில் இட்லி சாப்பிடும்போதுதான் மாதையன் வாய் திறந்தார்.

"வர்ற திங்கக்கெழமலருந்து சாரதா ஜவ்வரிசி பண்ற சேகோ ஆலைக்கு வேலைக்குப் போறா மாப்ள. ஆபீஸ்ல. அவளே போய்ப் பேசி முடிச்சுட்டா. பின்கட்டுல ஒரு ரூமையும் ஒதுக்கிக் குடுன்னு கேட்டுக்கிட்டா."

தங்கமுத்து பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் இனி வரப்போவதில்லை.

"நாளைக்கு ஒரு நாள் பொறுங்க மாமா. பிரசங்கம் முடிஞ்சதும், சாயங்காலம் ஜெபக் கூட்டம் ஒண்ணு இருக்குது, அதையும் முடிச்சுட்டு..." என்று ஆரம்பித்தவருக்கே தன் பேச்சு கேட்கச் சகிக்கவில்லை. நிறுத்திக்கொண்டார்.

ஞாயிறு காலை கோயில் நிறைந்திருந்தது. மாதையன் கடைசி பெஞ்சில் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்குத் தலைப்பு பொறுப்பைப் பகிர்வது என்பதால், தங்கமுத்துவும் பெரிய மனசு பண்ணி ஒரு பொறுப்பைப் பகிர்ந்திருந்தார். வேதபாடம் வாசிப்பதை பூபதிக்குக் கொடுத்திருந்தார். ஆனால் ராத்திரியெல்லாம் தூங்காத குழப்பத்தில், "பதினெட்டாம் அதிகாரம் வாசி" என்று மட்டும் சொன்னவர், பதிமூன்றாம் வசனத்திலிருந்து என்று சொல்ல மறந்துவிட்டார். பல வருஷம் காத்திருந்து கிடைத்த வாய்ப்பு, பூபதி விடுவானா? முதல் வசனத்திலிருந்து நிறுத்தி நிதானமாக வாசித்தான். எத்திரோ என்பவர் மீதியான் தேசத்து ஆசாரியர் என்று வாசித்தான். மோசே திருப்பி அனுப்பியிருந்த அவர் மனைவி சிப்போராளையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, எத்திரோ பாலைவனத்தில் மருமகன் இருந்த கூடாரத்துக்கு வந்தார் என்று வாசித்தான்.

கடைசி பெஞ்சில் மாதையன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தங்கமுத்து பிரசங்கத்தை ஆரம்பித்தார். "கர்த்தருக்குள் பிரியமானவர்களே, மோசே எல்லாப் பாரத்தையும் தனி ஆளாகச் சுமந்தார்."

"ஆமா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மாதையனுக்குத் தெரிந்த கோயிலில் கதை சொன்னால் கேட்கிறவர்கள் 'ம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் சொல்கிறவருக்கு மரியாதைக் குறைவு. மாப்பிள்ளைக்கு அவர் மரியாதை செய்தார். பெண்கள் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"சபையில் எத்தனையோ பேர் இருந்தும், பொறுப்பை எடுத்துக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை."

"ம்ம்."

"அப்போது அவருடைய மாமன் வந்தார்."

"மாப்ள, எனக்கு ஒண்ணு வெளங்கல" என்று மாதையன் எழுந்து நின்றார். முனியப்பன் கோயிலில் பூசாரியையே நிறுத்தி வைத்து, மழை வருமா, காணாமல் போன மாடு கிடைக்குமா என்று கேட்பார்கள். கேள்வி கேட்கக் கூடாத கோயில் ஒன்று உண்டென்று அவருக்கு எப்படித் தெரியும்? "அந்த மாமன், பொண்ணையும் பேரப் பசங்களையும் தானே கூட்டியாந்து உட்டாருன்னு இந்தத் தம்பி படிச்சுது. ஏன், மாப்ளைக்குக் கால் இல்லையா?"

கோயிலே கொல்லென்று சிரித்தது. தங்கமுத்துவுக்குக் காதுமடல் சுட்டது.

"அது மேல வர்ற பகுதிங்க மாமா. நான் பதிமூணாம் வசனத்துலருந்துதான் பேசறேன். அவருக்கு வேலை ஜாஸ்திங்க."

"வேலை யாருக்கு இல்ல? அனுப்பிச்சதும் அவருதானே? தம்பி, நீதானே அப்படிப் படிச்சே?"

பூபதி பதறிப்போய்ப் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தான். "ஆமாங்க. அவரு திருப்பி அனுப்புனதாத்தானுங்க இருக்குது."

"அப்படி அனுப்பறதுக்கு அந்தப் புள்ள என்ன தப்பு செஞ்சுது?"

இந்தக் கேள்வியில் கேலி இல்லை. கேட்கும்போது பெரியவரின் குரல் உடைந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள். சாரதாமணி ஏன் இன்னும் வரவில்லை என்று அங்கே தெரியாதவர்கள் யாரும் இல்லை. கேட்கத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

தங்கமுத்து முன்னால் திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தார். எத்தனையோ தடவை படித்த அதிகாரம். மோசே எழுந்து வெளியே போய் மாமனை வணங்கி முத்தமிட்டு நலம் விசாரிக்கிறார், கூடாரத்துக்குள் கூட்டிப்போகிறார், நடந்ததையெல்லாம் மாமனுக்குச் சொல்கிறார். சிப்போராளிடம் என்ன சொன்னார் என்று விரலை வைத்துத் தேடினார். ஒரு வார்த்தைகூட இல்லை. வந்து சேர்ந்ததோடு சரி, அந்த அதிகாரத்தில் அப்புறம் அவள் பேச்சே கிடையாது. சாரதா போயிருக்கிறாள், போயிருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோமே, போகவா செய்தாள், அனுப்பியதல்லவா என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. தையல் பிரிக்காத வயிற்றோடு காரில் ஏறினவள்.

"அவ ஒரு தப்பும் செய்யலீங்க மாமா" என்றார். மைக் அதை ரோடுவரைக்கும் கொண்டுபோனது. பிறகு புத்தகத்தை மூடினார். "பூபதி, நீ ஜெபம் பண்ணி ஆராதனைய முடிச்சுரு. நான் வாழப்பாடி போறேன்."

மாதையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூடவே கிளம்பப் பார்த்தார்.

"நீங்க இருங்க மாமா. நீங்களும் வந்தா, நீங்க கூட்டியாந்து உட்ட மாதிரி ஆயிரும்."

மாதையன் ஒரு நொடி யோசித்தார். அது அவருக்குச் சரியென்று பட்டது. மறுபடி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

சேலத்தில் பஸ் மாறி, ஆத்தூர் பஸ் பிடித்து, வாழப்பாடியில் இறங்கி ஆட்டோவில் போய்ச் சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. சாரதாமணி மறுநாள் கட்டிக்கொண்டு போக வேண்டிய சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள்.

"அப்பா எங்கீங்க?"

"கோயில்ல இருக்காரு."

"நம்ம கோயில்லயா?" அவளுக்கு ஆச்சரியத்தில் இஸ்திரிப்பெட்டி நின்றது. "இன்னிக்கு உங்களுக்குப் பிரசங்கம்னு நித்யஸ்ரீ சொன்னாளே?"

"பாதியில உட்டுட்டு வந்துட்டேன்."

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். தங்கமுத்து உட்கார்ந்தபோது இடுப்பில் சாவிக்கொத்து கலகலவென்றது. அப்போதுதான் அவருக்கே உறைத்தது, ஆறு பூட்டின் சாவியும் தன்னோடு வாழப்பாடி வந்துவிட்டதென்று. சாரதாமணி அந்தக் கொத்தைப் பார்த்தாள். முகத்தில் வந்திருந்த கொஞ்சம் வெளிச்சமும் போய்விட்டது.

"நின்ன கால்ல திரும்பறதுன்னா உக்காந்திருக்கவே வேண்டாமுங்க" என்றாள்.

அதற்குள் போன் அடித்தது. பூபதி.

"அண்ணா, மாதர் சங்கக் கூட்டத்துக்கு எல்லாரும் வந்துட்டாங்க. ஆபீஸ் ரூம் பூட்டியிருக்குதுங்க. சாவி உங்ககிட்டயா? நான் வேணா வண்டியெடுத்துட்டு சேலம் வரைக்கும் வாரேனுங்க, நீங்க எதுக்க வந்து குடுத்தர்றீங்களா?"

சாரதாமணி திரும்பிக்கொண்டு சேலையை மடிக்க ஆரம்பித்தாள். பதில் என்னவென்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்பது போலிருந்தது அந்த முதுகு.

"ஒடைச்சுரு" என்றார் தங்கமுத்து.

"என்னதுங்கண்ணா?"

"பூட்ட ஒடைச்சுரு. சுத்தியல் மோட்டார் ரூமுல இருக்குது... அட, அதையும் பூட்டியிருக்கறேன். பக்கத்துப் பட்டறையில வாங்கிக்க."

"நெசமாவே சொல்றீங்களாண்ணா?"

"நெசமாத்தான். எல்லாத்துக்கும் புதுப்பூட்டு போட்டு, சாவிய ஆளுக்கொண்ணா நீங்களே வெச்சுக்கங்க. எனக்கு வேண்டாம். மைக்செட்டும் இனி உன்ற பொறுப்புதான்."

அந்தப் பக்கம் பூபதி யாரிடமோ சுத்தியல் வாங்கி வரச் சொன்னான். பிறகு, "உங்க மாமா சேரெல்லாம் எடுத்து அடுக்கறாருங்கண்ணா, வேண்டாமுன்னாலும் கேக்க மாட்டீங்கறாரு" என்றான்.

"அடுக்கட்டும்" என்று தங்கமுத்து போனை வைத்தார்.

சாரதாமணி இஸ்திரிப்பெட்டி ஸ்விட்சை அணைத்தாள். அழுதாள். கோபமும் அதோடு வந்தது. "பச்ச ஒடம்போட கார்ல ஏத்தி உட்டீங்களே. ஓலை காஞ்சு குப்பைக்குப் போய் எத்தன நாளாச்சு? ஒரு நாள் எட்டிப் பாக்கத் தோணலீங்களா?"

"தோணுச்சு. அடுத்த வாரம், அடுத்த வாரம்னு ஏமாத்திக்கிட்டேன். அனுப்புனது நான். நீ போனதா ஊரெல்லாம் சொல்லீட்டுத் திரிஞ்சேன்." அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். "வா சாரதா, நம்ம ஊட்டுக்குப் போலாம்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உடனே பையை எடுத்துவிடவில்லை.

"ஆலையில நாளைக்கு வாரேன்னு சொல்லியிருக்கறேன். காலையில நானே நேர்ல போயி, வரலீங்கன்னு சொல்லீட்டுத்தான் கெளம்ப முடியும். அதுவரைக்கும் இங்க இருப்பீங்களா?"

சாயங்கால ஜெபக் கூட்டம் என்று நாக்கு நுனிவரை வந்தது. தங்கமுத்து அதை விழுங்கினார்.

"இருக்கறேன்."

அவள் உள்ளே போய் அப்பாவின் வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். தங்கமுத்து உடை மாற்றிக்கொண்டு, சாவிக்கொத்தை ஜன்னலில் வைத்தார். ஆறு சாவியில் எத்தனை இப்போது உதவாமல் போயிருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. மறுபடி போன் அடித்தது. ஆயர். பிரசங்கம் என்னவாயிற்று என்று யாரோ சொல்லியிருப்பார்கள். தங்கமுத்து கை நீட்டுவதற்குள் சாரதாமணி எடுத்துவிட்டாள்.

"ஐயா, நான் சாரதாமணி பேசறேனுங்க. ஒடம்பு நல்லாருக்குதுங்க. அவரு கோயில்ல இல்லீங்க, இன்னிக்கு வரமாட்டாருங்க." அவள் கணவனை ஒரு பார்வை பார்த்தாள். "என்னையக் கூட்டிட்டுப் போக வந்திருக்காருங்க."

போனைத் திரும்பக் கொடுக்காமல், மடித்து வைத்த சேலையின் மேல் வைத்துவிட்டு, உலை வைக்கப் போனாள்.